மரத்தில் வாத்துச் சிற்பம் செதுக்க எந்த மரம்: பாஸ்வுட்டா, டுப்பெலோவா?

கத்தியால் செதுக்குபவருக்கு பாஸ்வுட்தான் சரி. மென்மையான மரம், ரேகையும் அதிகம் தெரியாது; சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் செதுக்கச் சுழலும் முனை கொண்ட மெஷினை வைத்தால் மேலெல்லாம் பஞ்சு போல நார் கிளம்பும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் பொறுமை போய்விடும், இறகு வரியும் மழுங்கிவிடும்.

டுப்பெலோ அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் வளர்வது. செதுக்க உகந்தது அதன் பருத்த அடிமரம். காய்ந்தபின் கத்திக்கு முரண்டு பிடிக்கும், மெஷினுக்கோ அழகாகப் படியும். சூட்டுப் பேனாவால் (மரத்தைச் சுட்டுக் கோடு போடும் கருவி) கோடு இழுத்தால் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பலமுறை பூச வேண்டும். கெட்டியாக அப்பினால் அத்தனை கோடும் அடைபட்டுப் போகும்.

வேட்டையில் நிஜ வாத்துகளை ஈர்க்க ஏரியில் மிதக்கவிடும் பொம்மை வாத்துக்கு இவ்வளவு நுணுக்கம் வீண். முதல் வாத்து என்றால் நான் பாஸ்வுட்டைத்தான் எடுப்பேன்.