முகப்பருவுக்கு எது: டீ ட்ரீயா, லாவெண்டரா, வெட்டிவேரா?

மூன்றுமே சின்னக் குப்பியில், சொட்டுக் கணக்கில் புழங்குகிற வாசனை எண்ணெய்கள். மூன்றின் அட்டையிலும் சருமத்துக்கு நல்லது என்றுதான் போட்டிருக்கும். ஆனால் பரு வருகிற முகத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், நான் டீ ட்ரீயைத்தான் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வளரும் மரம் அது. அங்குள்ள பண்ட்ஜலுங் பூர்வகுடி மக்கள் அதன் இலையைக் கசக்கிப் புண்ணுக்கு வைத்து வந்தவர்கள். எண்ணெயில் பெரும்பங்கு டெர்பினென்-4-ஆல் என்ற வேதிப்பொருள். கிருமியை அடக்குவது முக்கியமாக இதுதான். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து, 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீத அளவிலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது. ஆனால் தோல் காய்வது, உரிவது போன்ற தொல்லைகள் அதில் குறைவு. பொறுமை இருக்கிறவர்களுக்கு இது நல்ல பேரம்.

லாவெண்டருக்கு, பருவைப் பொறுத்தவரை, இந்த அளவு சான்று கிடையாது. கட்ஃபோஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1910இல் ஆய்வகத்தில் தீக்காயம் பட்டு, லாவெண்டரால் தேறிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். காயம் வேறு, பரு வேறு. ராத்திரி தலையணைப் பக்கம் ஒரு சொட்டு என்றால் சரி, மணம் அருமையாக இருக்கும். முகத்துக்கு அவசியமில்லை.

வெட்டிவேர் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடலூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் விளைவது. வேரைத் தோண்டி, அலசி, மணிக்கணக்கில் ஆவியில் வடித்தாலும் கொஞ்சம்தான் எண்ணெய் தேறும். விலை அதிகம் என்பதற்கு அதுவே காரணம். குப்பியைக் கவிழ்த்தால் சட்டென்று விழாது, பிசுபிசுவென்று இறங்கும். ஆனால் பருவுக்கு நம்பி வாங்க இதற்கும் சான்று போதாது. நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் தைலம் என்று தருவது பெரும்பாலும் நல்லெண்ணெயில் வேரைக் காய்ச்சியது. எண்ணெய் வழிகிற முகத்தில் அதைத் தேய்க்க வேண்டாம். வேரைக் குளிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டாலே அந்த வாசனை கிடைத்துவிடும்.

சரி, டீ ட்ரீ வாங்கியாயிற்று. அப்படியே பருமேல் வைக்காதீர்கள், எரிந்து சிவந்துவிடும். ஒரு டீஸ்பூன் ஜோஜோபா எண்ணெய்க்கு ஒரு சொட்டு விட்டால் ஏறக்குறைய 1 சதவீதம், அதில் தொடங்கலாம். தேங்காய் எண்ணெயில் கலந்தால் பலருக்குத் தோலின் துவாரம் அடைத்துக்கொள்ளும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். அப்புறம், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான எண்ணெய்தான் அலர்ஜியை அதிகம் கிளப்பும். லாவெண்டருக்கும் இதே கதைதான். அதனால் கரும் பழுப்புக் குப்பியில், சின்ன அளவாக வாங்கி, மூடியை இறுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். டீ ட்ரீயைக் குடித்தால் விஷம்.

கட்டி கட்டியாக, வலியோடு வருகிற பருவுக்கு இந்த மூன்றுமே போதாது. தழும்பு விழுவதற்குள் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.