சூடானதும் நின்றுவிடும் சிறிய கார்: சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறை

சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் தகரக் கூரையின் கீழ் இயங்கும் இந்தப் பட்டறையை, ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏர்கோன் வேலைக்கும் சாயம் அடிப்பதற்கும் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் பட்டறைக்காரருக்குப் பெரிய அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. எரிபொருள் தொடர்பான பழுதில் மட்டும், எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கிறார் என்பதே இப்பட்டறையின் சிறப்பு.

என்னுடையது பத்தாண்டைத் தாண்டிய 1000 சிசி ஆட்டோ கியர் கார். காலையில் எந்தக் குறையும் இல்லாமல் கிளம்பும். ஈப்போவிலிருந்து கூட்டரசுச் சாலையில் திரும்பி வரும்போது, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மேட்டில் இழுவை குறைந்து, வெட்டி வெட்டி ஓடி, சமிக்ஞை விளக்கருகே அணைந்துவிடும். சிறிது நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் மீண்டும் ஓடும். வேறொரு பட்டறையில், பம்ப் இருக்கும் இடமான பின் இருக்கையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், பெட்ரோல் பம்ப் போய்விட்டது, மாற்ற 400 ரிங்கிட் ஆகும் என்றார்கள்.

இவரோ முதலில் கேள்விகள்தான் கேட்டார். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும் அணைந்து, உடனே திருப்பினால் எடுத்துக்கொள்கிறது என்றால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டல் பாடியில் கரி படிந்திருக்கலாம், அல்லது வெறுமனே ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அடைத்திருக்கலாம். சாவியை நிறுத்தியது போல் ஒரே நொடியில் செத்து, சுழற்சிமானியின் முள் கார் உருண்டுகொண்டிருக்கும்போதே சுழியத்தில் விழுந்தால், எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வரவேண்டும். அதுவும் சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர் பெறும் இயல்புடையது. என் காரைப் போல முதலில் இழுவை குறைந்து பிறகு நின்றால், பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வந்து சேரவில்லை என்று பொருள். கணினியைச் செருகிப் பழுதுக் குறியீட்டைப் படித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: இத்தகைய சிறிய கார்கள் பலவற்றில் எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது, பம்ப் தளர்ந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியாமலே இருக்கக்கூடும்.

அழுத்தமானியைப் பொருத்துவதற்கு முன் பம்பின் பியூசைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். குழாயில் தேங்கிய அழுத்தம் குறையாமல் கழற்றினால் சூடான எஞ்சின்மீது பெட்ரோல் பீய்ச்சியடிக்கும் என்பதை அறிந்தவரின் வேலை அது. காலருகே தீயணைப்பான் இருந்தது. சிகரெட்டோடு எட்டிப் பார்த்த ஒருவரை வாசலுக்கு அப்பால் அனுப்பிவிட்டுத்தான் தொடர்ந்தார். தொடக்கத்தில் முள் 3 பாரில், அதாவது ஏறக்குறைய 43 பிஎஸ்ஐயில், ஆடாமல் நின்றது. எஞ்சின் சூடேறி, ஏர்கோனும் முன்விளக்கும் போடப்பட்ட பிறகு அது மெல்ல 2 பாருக்கு இறங்கியது. பின் இருக்கையைத் தூக்கி மின்னழுத்தத்தை அளந்தபோது, பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கையில் பம்புக்குப் பத்து வோல்ட்டைச் சற்றுத் தாண்டித்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பம்பின் வயர் இணைப்பியைக் கழற்றிக் காட்டினார். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு துளை மட்டும் பழுப்பேறி, ஓரம் உருகி, அதனுள் இருந்த பித்தளை முனை கருத்திருந்தது.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு தம்பி, அதுக்குக் கரண்ட்தான் ஒழுங்கா போகல" என்றார்.

தளர்ந்த முனை சூடாகச் சூடாக மின்தடை கூடுகிறது, பம்பின் வேகம் குறைகிறது, ஆறினால் ஓரளவு சரியாகிவிடுகிறது. புதுப் பம்ப் போட்டிருந்தாலும் அதே கருகிய இணைப்பியில்தான் செருகியிருப்பார்கள். இணைப்பியை மாற்றியதோடு, பழைய பில்டரையும் கழற்றி, அதிலிருந்த பெட்ரோலைத் தலைகீழாக ஒரு வெட்டிய மினரல் பாட்டிலில் ஊற்றினார்; தேநீர் நிறத்தில் வந்து, அடியில் கரும்பொடி தங்கியது. எல்லாம் சேர்த்து 130 ரிங்கிட்.

டாங்கியை வற்றவிட்டு ஓட்டுவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான் குளிர்கிறது. பத்து ரிங்கிட்டுக்குப் போட்டு ஓட்டும் நம் பழக்கத்தில், 2025 செப்டம்பர் இறுதியில் வந்த பூடி 95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையிலும், ஐந்து லிட்டர்தான் உள்ளே போகும். கால் டாங்கிக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தோட்டத்து வீடுகளில் நிறுத்தும் கார்களுக்கு வயரைக் கடிக்கும் எலித் தொல்லை வேறு. செம்பனைக்கு எலி வராதிருக்க ஆந்தைக்குக் கூடு கட்டித் தரும் தோட்டங்கள் உண்டு. லயத்து வாசலில் நிற்கும் காரின் வயருக்கும் ரப்பர் குழாய்க்கும் அந்தக் காவல் கிடையாது.

குறைகளும் உண்டு. கேட்டால்தான் ரசீது எழுதுகிறார், அதிலும் பொருளின் விலையையும் கூலியையும் பிரித்துக் காட்டுவதில்லை. போட்ட பொருளுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார இரண்டு நாற்காலிகள், அவற்றிலும் ஒன்றில் எப்போதும் ஏதாவது உதிரிப்பாகம் இருக்கும். அவர் ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதால் காரை விட்டுவிட்டுப் போகத்தான் வேண்டும். சூடான பிறகே தெரியும் பழுது என்றால் காலையில் கொண்டுபோய் விடுவதில் பயனில்லை. நன்றாக ஓட்டிச் சூடேற்றிய காரை மதியத்துக்கு மேல் நேராகப் பட்டறைக்குள் விட்டால், அன்றைக்கே அளந்து சொல்லிவிடுவார். 1994இல் அறிமுகமான கஞ்சிலின் 660 சிசி கார்புரேட்டர் வண்டியை இன்னும் ஓட்டுபவர்களும் இங்கே போகலாம், அதன் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை, கழுவத் தெரிந்தவர் இவர்.