கசக்கிற மருந்தா, இனிக்கிற மருந்தா?

மகளுக்கு இரண்டு வயதில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8.4 கிராம் என்று வந்தது. பாலைக் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொள்கிறவள். இரும்புச்சத்துக் குறைவுதான் என்று உறுதியானதும் எங்கள் முன்னால் இரண்டு பாட்டில்கள்: இரும்பு பாலிமால்டோஸ் என்ற இனிக்கிற சிரப், ஃபெரஸ் சல்ஃபேட் என்ற கசக்கிற இரும்புச் சொட்டு மருந்து. பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் குறைத்தோம். ஆனால் இந்த அளவுக்கு இறங்கிய பிறகு சாப்பாட்டை மட்டும் நம்ப முடியாது.

சிரப்பில்தான் ஆரம்பித்தோம். சப்புக்கொட்டிக் குடித்தாள், பல்லில் கறையும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மருத்துவர் சல்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டார். அதனால் சிரப்பைப் பற்றி என் அனுபவம் அவ்வளவுதான்.

சல்ஃபேட்டின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் உடம்பின் இரும்புக் கையிருப்பு. ஹீமோகுளோபின் தேறியதும் மருந்தை நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் அப்போது ஃபெரிட்டின் (கையிருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தால் கையிருப்பு இன்னும் காலியாகவே இருக்கலாம். அதை நிரப்ப மேலும் இரண்டு மூன்று மாதம் கொடுக்க வேண்டும். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 80 சின்னக் குழந்தைகளுக்கு, எடையில் கிலோவுக்கு 3 மி.கி. இரும்பு வீதம், இரவில் ஒரே வேளையாக மருந்து கொடுத்தார்கள். 12 வாரத்தில் குறைபாடு முழுசாகத் தீர்ந்தது சல்ஃபேட் குழுவில் 29 சதவீதம் பேருக்கு, பாலிசாக்கரைடு இரும்புக் குழுவில் 6 சதவீதம் பேருக்கு. வயிற்றுப்போக்கும் இரண்டாவது குழுவில்தான் அதிகம். பாலிசாக்கரைடு நம் சிரப்புக்குப் பங்காளிதானே தவிர அதுவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, தொல்லைகள்? முதல் வாரம் பாதி மருந்து சட்டையில் துருக்கறையானது. அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி, மெதுவாகச் செலுத்தப் பழகினோம். உடனே பல் தேய்த்துவிட்டால் கறுப்புக் கோடு தங்கவில்லை. மலம் கறுத்துப் போனதைப் பார்த்து முதல் நாள் பதறினோம், அது மருந்தின் நிறம்தான்.

சல்ஃபேட் தொடங்கிய நான்காவது வாரம் ஹீமோகுளோபின் 9.7. ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் மருந்தை மாற்றிப் பயனில்லை. தலசீமியா கூறோ (பெற்றோரிடமிருந்து வரும் ஹீமோகுளோபின் குறை) உள்ளே இரத்தக் கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சிரப்புக்கு நான் முழு மதிப்பெண் தருகிற இடம் ஒன்று உண்டு. குழந்தை தெரியாமல் பாட்டிலையே குடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்து சல்ஃபேட்டில்தான் அதிகம். எங்கள் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில், பூட்டுக்குள் இருக்கிறது.