பெற்றோல் பம் மாற்றியதாகச் சொல்லி 87,500 ரூபா: கொழும்பில் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

87,500 ரூபா. காரின் பெற்றோல் பம்மை மாற்றியதாகச் சொல்லி என்னிடம் வாங்கிய காசு இது. அந்தப் பம்மை அவர்கள் தொடக்கூட இல்லை என்பது நேற்றுப் பின்னேரம்தான் தெரிய வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இன்னும் எத்தனை பேர் இதே ஆக்களிடம் கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்களோ.

கார் டொயோட்டா கொரோலா 121. இந்த ஊரில் கார் திருத்துகிற எல்லா பாஸ்மாருக்கும் பழக்கமான வாகனம். பிரச்சினை இதுதான்: இரவு முழுக்க நின்ற பிறகு, அல்லது இரண்டு மூன்று மணித்தியாலம் நிறுத்தி வைத்த பிறகு, லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஒருவழியாகப் பிடித்தால் சில விநாடி நடுங்கும், பின்னால் கொஞ்சம் கறுப்புப் புகை வரும், பெற்றோல் மணக்கும். அப்புறம் ஒரு குறையும் இல்லாமல் காலி வீதி முழுக்க ஓடும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினால் சீக்கிரம் பிடிக்கும் என்பதையும் கவனித்திருந்தேன். இவ்வளவையும் முதல் நாளே அந்த கராஜில் விளக்கமாகச் சொன்னேன்.

பெயர் போடவில்லை. கண்ணாடி போட்ட வரவேற்பறை, ஏசி, ஸ்கேனர், முகநூலில் விளம்பரம் என்று இருக்கும் புது மாதிரி கராஜ் அது. அங்கே பொறுப்பாக இருந்த தம்பி தமிழ். நான் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் தொடங்க, அவர் சிரித்துக்கொண்டே தமிழில் கதைத்தார். "யோசிக்காதீங்க அக்கா, எங்கட ஆக்களுக்குப் பிழையான வேலை செய்வமா?" என்றார். அம்மாவை களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்குக் கொண்டுபோகிற கார், காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெரிய கரைச்சல் என்று சொன்னதும் அம்மாவின் சுகத்தையும் விசாரித்தார். இப்போது நினைக்கும்போது அதுதான் எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருக்கிறது.

பிறகு என்னை காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, திறப்பை ஒரு படி மட்டும் திருப்பினார். "கேட்டீங்களா? பம் சத்தமே இல்லை. பம் வீக். பிரஷர் வருதில்லை." சத்தம் உண்மையிலேயே இல்லை. பல கார்களில் திறப்பை ஓன் நிலைக்குத் திருப்பியதும் பம் ஓரிரு விநாடி ஓடி நிற்கும், அந்த இரைச்சல் பின் சீட் பக்கம் கேட்கும். ஆனால் என் காரில் எஞ்சின் சுற்றினால்தான் பம்முக்குக் கரண்ட் போகும். பம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த நிலையில் சத்தம் வராது. தினமும் கொரோலா பார்க்கிற கராஜுக்கு இது தெரியாமல் இருக்குமா? பெற்றோல் பிரஷரை அளக்கிற கேஜை அங்கே நான் கண்ணாலும் காணவில்லை.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு பெட்டியின் படம் வந்தது. பின்னேரம் பில்: பம் 62,000, ஃபில்டர் 12,500, இன்ஜெக்டர் (எஞ்சினுக்குப் பெற்றோலைப் பீய்ச்சுகிற சாமான்) கழற்றிக் கழுவியது 8,000, கூலி 5,000. மொத்தம் 87,500 ரூபா. நான் போகும்போது காரை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள், ஒரே சுற்றில் பிடித்தது. சூடாக ஓடி அப்போதுதான் நின்ற எஞ்சின் பிடிக்கத்தானே செய்யும்! அடுத்த நாள் காலை பழைய கதைதான்.

கோல் எடுத்தேன். முதலில், "92 பெற்றோல் அடிச்சீங்களா? 95 அடிச்சுப் பாருங்க அக்கா." அடித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. பிறகு, "அந்த ஷெட்டில தண்ணி கலந்திருக்கும்." பிறகு பாஸ் லீவு. பிறகு மெனேஜர் மீட்டிங்கில். நேரில் போனால் அந்தத் தம்பி கண்ணாடிக்கு உள்ளே இருந்துகொண்டே, வெளியே போய்விட்டார் என்று வேறு ஒரு பிள்ளையை விட்டுச் சொல்ல வைத்தார். பழைய பம்மைத் தாருங்கள் என்றேன், "கழிவுக்குப் போட்டாச்சு." கழற்றும்போது எடுத்த படமாவது? "போன் மாத்தினதில அழிஞ்சிட்டு." கடைசியாக வாரண்டியைக் கேட்டபோது, "எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரண்டி இல்லை, பில்லைப் பாருங்க." முதல் நாள் அக்கா, கடைசி நாள் பில்லைப் பாருங்க. இப்போது என் மெசேஜ்களுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது.

நேற்று மாளிகாவத்தையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கராஜுக்கு, தெரிந்தவர் சொல்லிப் போனேன். அங்கே இருந்த நானா முதலில் ஸ்கேனரைத் தேடவில்லை, கேஜை எடுத்தார். இந்த எஞ்சினில் கேஜ் பூட்டத் தனி வாய் கிடையாது. குழாயைக் கழற்றி நடுவில் டி மாதிரி ஒரு இணைப்புப் போட வேண்டும். ஓடும்போது 46 பிஎஸ்ஐ காட்டியது. இந்த மாடலுக்கு 44 முதல் 50 வரை இருக்க வேண்டுமாம். ஆக பம் நல்ல நிலையில் இருக்கிறது. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு கேஜைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்தும் குறைந்தது 21 நிற்க வேண்டும். அந்த மிச்சப் பிரஷர் குழாயில் நின்றால்தான் அடுத்த முறை முதல் சுற்றிலேயே பெற்றோல் சரியாகப் பாயும், எஞ்சின் சூட்டில் ஆவியாகாமலும் இருக்கும். என் காரில் முள் மளமளவென்று இறங்கி அடியில் படுத்துவிட்டது.

கேஜ் இணைப்பில் டாங்கிப் பக்கம் இருந்த வால்வை மூடிவிட்டுத் திரும்பப் பார்த்தார். அப்போதும் இறங்கியது. அப்படியென்றால் ஒழுக்கு பம் பக்கம் இல்லை, இன்ஜெக்டர் பக்கம். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கிற குழாயான ரேலோடு அவற்றைக் கழற்றி, பிரஷர் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றின் நுனியில் பெற்றோல் சொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தி வைத்த நேரம் முழுக்க அது சிலிண்டருக்குப் போகிற வழியில் ஒழுகியிருக்கிறது. கறுப்புப் புகையும் மணமும் அதனால்தான். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் பிடித்ததற்கும் அதுவே காரணம்: அப்படி மிதித்துச் சுற்றும்போது பல கார்களில் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும், தேங்கியிருந்தது வெளியேறும். நான் முதல் நாள் வாயால் சொன்ன அறிகுறிகள் எல்லாமே இன்ஜெக்டரைத்தான் காட்டியிருக்கின்றன!

அந்த இன்ஜெக்டர்களின் ஓ ரிங் (ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) எல்லாம் காய்ந்து, தட்டையாகி, வெடித்திருந்தன. கழற்றினால் கட்டாயம் புதிது போட வேண்டிய சாமான். போல்ட்டுகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே. 8,000 ரூபாவுக்குக் கழற்றிக் கழுவினார்களாம்.

எனக்குச் சந்தேகம் வந்து, பின் சீட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அதற்குக் கீழே ஒரு தகர மூடி, அதைச் சுற்றிக் கறுப்பு ஒட்டுப் பசை. இந்தக் காரில் பம்மை வெளியே எடுக்க அந்த மூடியைத் திறக்க வேண்டும். பசையில் ஒரு கீறல் இல்லை. மேலே வருடக்கணக்கான தூசி. நானா விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, "தங்கச்சி, இத ஒருத்தரும் கழட்டல்ல" என்றார். எனக்குக் கை நடுங்கியது. 87,500 ரூபா! பிழையான சாமான் போட்டிருந்தால்கூட ஏதோ செய்தார்கள் என்று சொல்லலாம். இது வெறும் களவு.

பஞ்சிகாவத்தையில் ஒரு இன்ஜெக்டர் வாங்கிப் போட்டு, ஓ ரிங்குகளும் மாற்றியாயிற்று. இன்று காலை ஒரே சுற்றில் பிடித்தது.

ஆறுதலாக விளக்கி எழுத நினைத்தேன், இப்போதைக்கு அவசரமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பம் போய்விட்டது என்று யார் சொன்னாலும் கேஜில் காட்டச் சொல்லுங்கள், ஓடும்போதும் நிறுத்திய பிறகும். பழைய சாமானைக் கையில் தராமல் காசு கொடுக்காதீர்கள். சாமானின் இலக்கம் பில்லில் இருக்கட்டும். காரை ஒரு இரவு அங்கேயே விட்டு, காலையில் ஆறிய எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி எடுங்கள். பெற்றோல் குழாயை வீட்டில் நீங்களே கழற்றப் போக வேண்டாம், பிரஷரோடு பீய்ச்சினால் தீப்பிடிக்கும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுத்து விசாரிக்கப்போகிறேன், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுப்பேன். பில், வாட்ஸ்அப் படம், திறக்காத மூடியின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி கராஜில் இதே பம் கதையைக் கேட்டுக் காசு கொடுத்தவர்கள் இருந்தால், முதலில் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பசை உடையாமல் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.