சிபிஇ510: செட்டிநாட்டு மொட்டை மாடிக்கு ஒத்துவருமா?

ஒரே ஃபைபர் இணைப்பைத் தெருவில் பத்து வீடு பங்கிட்டுக்கொள்ள மெஷ் (இணைப்பை மாடிக்கு மாடி ரேடியோவால் கைமாற்றும் வலை) போடுகிறவர்கள் தேடும் பெட்டிகளில், வெளியில் மாட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவான டிபி-லிங்க் சிபிஇ510 ஒன்று. தெருவைத் தாண்டிக் கொண்டுபோக நல்ல சாமான். வீட்டுக்குள் வைஃபை கிடைக்கும் என்று நம்பி வாங்கினால் காசு வீண்.

காரணம் செட்டிநாட்டு வீடுதான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில், தடித்த சுவர்கள் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஓய்ந்துவிடும். அதனால் பெட்டி மாடியில் இருக்கட்டும். கேபிளை வளவின் திறந்த வானம் வழியாகக் கீழே இறக்கி, உள்ளே ஒரு சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரில் செருகிவிடுங்கள். சுவரில் துளையே வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே வழவழப்பில் பூச ஆள் தேடி அலைய வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஜிஐ குழாயைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினாலே போதும்.

ஆண்டெனா 13 டிபிஐ (அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு); அலை பக்கவாட்டில் 45 பாகை, மேல்கீழாக 30 பாகை விரியும். கானாடுகாத்தான் போல நேர்கோட்டில் தெருக்கள் ஓடும் ஊருக்கு இது பொருத்தம். ஆனால் ஒரு திசையை மட்டும் பார்க்கும் பெட்டி என்பதால், நடுவில் உள்ள வீட்டுக்கு முதுகோடு முதுகாக இரண்டு வேண்டும். ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149 என்று சேனலை (அலைவரிசை எண்ணை) பிரித்து, ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள். இரண்டையும் லான் கேபிளால் இணையுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்பினால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் பாதியாகும்: 60 எம்பிபிஎஸ் அடுத்த வீட்டில் 30, அதற்கடுத்து 15. ஃபைபர் இறங்கும் வீடு தெருக்கோடியில் இல்லாமல் நடுவில் இருப்பது நல்லது. போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். இந்தப் பெட்டிக்காக அதற்கு மேலான திட்டம் எடுப்பதில் பயனில்லை.

கம்பெனி மென்பொருளில் மெஷ் கிடையாது. ரவுட்டர்களுக்கான இலவச மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியோ, அதன்மேல் மெஷுக்காகக் கட்டிய லிப்ரேமெஷோ ஏற்ற வேண்டும். வாங்கும்போதே ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு ஏற்ற வேண்டிய கோப்பு வேறு. 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம்தான் என்பதால் கூடுதல் மென்பொருள்களை அடைக்க வேண்டாம். நாட்டைக் குறிக்கும் இடத்தில் இந்தியா என்று கொடுக்க மறக்காதீர்கள்.

சிக்னலை டிபிஎம்மில் அளப்பார்கள், பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு. மைனஸ் 65 அளவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 75-க்குக் கீழே இறங்கினால் விட்டுவிட்டு வரும். எதிர்வீட்டுக்கு அடிக்கும்போது நேர்மாறான தொல்லை: சிக்னல் மிஞ்சி ரிசீவர் திணறும், அனுப்பும் சக்தியைக் குறைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு மேல் வெட்டவெளி தேவை. எதிர்மாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. வேப்பமரக் கிளை கோட்டை உரசினால், மழையில் இலை நனைந்ததும் இணைப்பு தடுமாறும்.

அதிகம் கெடுவது ரேடியோ அல்ல, கேபிளும் மின்சாரமும். பெட்டிக்கு 24 வோல்ட் பேசிவ் பிஓஇ, அதாவது லான் கேபிள் வழியாகவே மின்சாரமும் ஏறும். கேபிள் 60 மீட்டர் வரை போகலாம். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவு, ஆனால் நீளம் கூடக்கூட மின்னழுத்தம் இறங்கிப் பெட்டி தானாக அணைந்து அணைந்து எரியும். முழுச் செம்பு, கறுப்பு உறை, ஷீல்டு (உள்ளே சுற்றிய உலோக உறை) உள்ளதாக வாங்குங்கள். பெட்டிக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கோடை இடிமழையும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில் எர்த் இல்லாமல் மாட்டவே கூடாது. குழாயையும் ஷீல்டையும் நல்ல எர்த்தில் சேருங்கள். பழைய வீட்டு வயரிங்கில் மூன்றாவது துளை பல இடங்களில் வெறும் அலங்காரம்தான். பிஓஇ அடாப்டரை இன்வர்ட்டர் லைனில் போடுங்கள். இன்வர்ட்டர் இல்லையென்றால் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியும் 24 வோல்ட்டாக உயர்த்தும் கன்வர்ட்டரும் ஒரு பெட்டியை நாலு மணி நேரமாவது தாங்கும்.

பூட்டிய வீடுகள் இன்னொரு சிக்கல். நல்ல உயரமான மாடி பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். காவலாளி சாவி கொடுப்பார். ஆனால் வீடு பல பங்காளிகளுக்குப் பொது. எல்லோரிடமும் சம்மதம் வாங்காமல் குழாய் நட்டால், அடுத்த கல்யாணத்துக்கு வந்து இறங்குகிறவர் முதல் வேலையாகக் கழற்றச் சொல்வார்.

பணம் வாங்கி இணைப்பைப் பகிர்வதாக இருந்தால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தின் கீழ் வாருங்கள். பொது டேட்டா அலுவலகம் (அத்திட்டத்தில் வைஃபை கொடுக்கும் இடத்தின் பெயர்) நடத்த உரிமமோ பதிவோ தேவையில்லை, இப்படிப் பல அலுவலகங்களின் லாகினையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் பதிவு பெற்ற தொகுப்பாளர் ஒருவரோடு சேர வேண்டும். லிப்ரேமெஷ் அதற்கான லாகின் முறையோடு வருவதில்லை. ஃபைபர் இறங்கும் வீட்டில் தொகுப்பாளர் சொல்லும் கருவியைத் தனியே வைக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு எத்தனை பெட்டி என்று முடிவு செய்யுங்கள்.