சார்மினார் அருகே ஒரு கச்சி பிரியாணியும் அதன் சாலனும்

பிரியாணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அரிசியோடும் கறியோடும் நின்றுவிடுகிறார்கள். ஹைதராபாத்தின் பழைய நகரத்தில், சார்மினாரிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள ஓர் உணவகத்தில் சென்ற மாதம் மதிய உணவு உண்ட எனக்கோ, தொட்டுக்கொள்ள வந்த மிர்ச்சி கா சாலன் என்னும் மிளகாய்க் குழம்புதான் இன்னும் நாக்கில் நிற்கிறது.

பிரியாணியில் குறை சொல்ல ஏதுமில்லை. தயிரிலும் பப்பாளிக்காய் விழுதிலும் மசாலாவிலும் ஊறிய பச்சை ஆட்டுக்கறியின்மீது அரைவேக்காட்டு பாஸ்மதி அரிசியைப் பரப்பி, பாத்திரத்தின் வாயை மாவால் அடைத்துத் தம் போடுவதே கச்சி முறை. கறியும் அரிசியும் ஒருசேர வெந்தாக வேண்டும், இடையில் திறந்து பார்த்துச் சரிசெய்ய வழியில்லை. இங்கே எலும்பை ஒட்டிய கறிகூட விரல் பட்டதும் கழன்று வந்தது. ஆனாலும் ஏழெட்டுக் கவளத்துக்குப் பின் நெய்யின் கனம் திகட்டத் தொடங்கியது. அதன் பிறகுதான் சாலன் கிண்ணத்தின் பக்கம் கை போனது.

வறுத்த வேர்க்கடலை, எள், கொப்பரை மூன்றையும் அரைத்துப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, வதக்கிய நீளப் பச்சை மிளகாயைச் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில் வைத்து இறக்கும் இக்குழம்பு, பெயரில் மிளகாய் இருந்தும் காரத்தைவிடப் புளிப்பையே முன்னே வைத்து, நெய்யின் திகட்டலை முறிக்கிறது. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கு செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே என்பதால், நம்மவர்களுக்கு இந்தச் சேர்க்கை அந்நியமாகத் தோன்றாது. பல இடங்களில் கடலையை மட்டும் கூட்டிக் கூழாக்கிவிடுகிறார்கள். இங்கே எள்ளின் இலேசான கசப்பு தனியே தெரிந்தது. தயிர்ச் சட்னிதான் மோர் போல நீர்த்திருந்தது. இரண்டாவது கிண்ணம் சாலனுக்குத் தனியே காசு வாங்கியதும் எனக்கு உவப்பாக இல்லை.

இனிப்புக்கு, உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களை ஊறவைத்துச் சர்க்கரையோடு குழைய வேகவைத்த குபானி கா மீட்டாவைப் பாலாடையுடன் தந்தார்கள். பழத்தின் கொட்டையை உடைத்தெடுத்த பருப்பை மேலே தூவியிருந்தது நல்ல கைப்பக்குவம். ரொட்டித் துண்டுகளில் செய்யும் டபுள் கா மீட்டாவில் பாகு மிஞ்சிவிட்டது, அதைத் தவிர்க்கலாம். ஒரு தட்டுப் பிரியாணி இருவருக்குத் தாராளமாகப் போதும், சாலனை மட்டும் பரிமாறும்போதே கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.