பன்னிரண்டு ஆண்டுகளாக என் வாயில் இருக்கும் பீங்கான் பிரிட்ஜ்

2013 இல் கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் மூன்று பல் பிரிட்ஜ் கட்டினார்கள். உள்ளே உலோகம், மேலே பீங்கான். நடுவில் இருப்பது மட்டும்தான் பொய்ப்பல். அதைத் தாங்குவதற்காக இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் கேப் மாட்டி ஒட்டினார்கள். பின்னால் இருந்தது ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து நரம்பு எடுத்த பல். முன்னால் இருந்ததோ ஒரு குறையும் இல்லாத பல். அதை ராவக் கொடுத்தது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். ராவிய பல் திரும்ப வளராது. பக்கத்துப் பற்கள் நன்றாக இருப்பவர்கள், தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் கட்டும் இம்ப்ளாண்ட் வைக்க முடியுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

மெல்லுவதில் குறையே இல்லை. ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. 2019 இல் சோற்றில் கிடந்த கல்லைக் கடித்ததில் ஓரத்துப் பீங்கான் சில்லாகப் பெயர்ந்து உலோகம் தெரிகிறது, அவ்வளவுதான்.

தொல்லை பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வந்தது. கட்டிவிட்டவர்கள் அந்த இடத்தைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டில் வாயில் நாற்றம்; காலையில் துப்பினால் ரத்தம். வேறொரு மருத்துவரிடம் போனேன். “அம்மா, பிரிட்ஜுக்கு அடியில் எதை வைத்துச் சுத்தம் செய்கிறீர்கள்?” என்று கேட்டார். பிரஷ்தான் என்றேன். முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் இருந்த ஒரு நூலை எடுத்தார். கன்னப் பக்கமாக நுழைத்து, பொய்ப்பல்லுக்கு அடியில் கொண்டுபோய், நாக்குப் பக்கமாக இழுத்தார். நூலில் மஞ்சள் படலமும் ஒரு கீரை நாரும் ஒட்டியிருந்தன. அந்த வாடையை நான் மறக்கவில்லை. சூப்பர் ஃபிளாஸ் என்று கேட்டால் கிடைக்கும். அன்றிலிருந்து ஒரு இரவும் தவறவிட்டதில்லை. பத்து நாளில் ரத்தம் நின்றது.

2021 இல் மேல்தாடைப் பல் ஒன்றுக்கு சிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப் போட்டேன். இதில் உலோகம் கிடையாது. நிற மாதிரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பல்லோடு வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். எது கேப் என்று என் மகளுக்கே தெரியவில்லை. பல்லை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் கேப் போடும் முன்பே செய்துகொள்ளுங்கள். பீங்கானின் நிறம் பிறகு மாறாது. ஒட்டிய நாளிலிருந்தே கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது. பழகிவிடும் என்று பத்து நாள் வலியோடு பொறுத்துக்கொண்டேன். அது தவறு. பிறகு போனபோது மருத்துவர் நீல மைத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட இடத்தை இரண்டு நிமிடம் தேய்த்ததும் சரியானது. தேய்த்த இடத்தைப் பாலிஷும் செய்யச் சொல்லுங்கள். பீங்கான் சொரசொரப்பாக இருந்தால் எதிர்ப் பல்லை அரித்துவிடும்.

போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில், பிரிட்ஜின் பின்பக்கப் பல்லில், கேப் முடியும் விளிம்புக்குக் கீழே கருநிழல். சொத்தை. பீங்கானைச் சொத்தை தொடாது, அடியில் இருக்கும் பல்லைத் தொடும். நரம்பு எடுத்த பல் என்பதால் எனக்கு வலியே தெரியவில்லை. வலிக்கவில்லையே என்று கேப் போட்ட பல்லைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் பிரிட்ஜை அறுத்து எடுக்கிறார்கள். முன்னால் இருக்கும் பல் எந்த நிலையில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.